வயது இருபதைத் தாண்டியும் ‘நான் இன்னும் பெரிய ஆள் ஆகலையே’ என்று தோன்றுகிறதா? வீட்டோடு இருக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் சாயங்கால வேளையில் என்னிடம் சில பிள்ளைகள் வருவார்கள். வேலைக்கு விண்ணப்பம் போட, பயோடேட்டா தயார் பண்ண, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று பல பக்கத்துப் பிள்ளைகள். வந்த வேலை முடிந்து செருப்பைப் போடும்போதுதான் உள்ளே இருக்கும் கேள்வி வெளியே வரும். வயது ஏறிவிட்டது, மனசு ஏறவில்லை என்பதுதான் அநேகமாக எல்லோருக்கும் சங்கடம். அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

எனக்கு 24 வயது. இன்னும் அம்மா எழுப்பினால்தான் எழுகிறேன். சாப்பாடு, துணி எல்லாம் அவர்தான். கூடப் படித்தவர்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. என்னிடம் ஏதாவது குறை இருக்கிறதா?

குறை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டோடு இருப்பதும் குற்றமில்லை. நம் பக்கத்தில் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்களும் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறார்கள். அவர்களை யாரும் சின்னப் பிள்ளை என்று சொல்வதில்லை.

நான் பார்த்தவரை பெரிய ஆள் என்ற உணர்வு இரண்டு பாதியாக வருகிறது. ஒன்று பொறுப்பு, இன்னொன்று முடிவு. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒரே பிள்ளையிடம் கொடுப்பது அபூர்வம். ஆண் பிள்ளைக்கு முடிவு எடுக்கும் உரிமை சீக்கிரமே கிடைத்துவிடும். எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, யாரோடு சுற்றுவது, எந்த பைக் வாங்குவது எல்லாம் அவன் இஷ்டம். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று அவனை யாரும் கேட்க மாட்டார்கள். பெண் பிள்ளை பத்து வயதிலேயே தண்ணி லாரி வந்ததும் குடத்தோடு ஓடுவாள், தம்பியைக் குளிப்பாட்டுவாள், சோறு வடிப்பாள். ஆனால் ஒரு இன்டர்வியூவுக்குக் கிண்டி வரை போக நாலு பேரிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

இரண்டு பேருமே என்னிடம் வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: “எனக்கு இன்னும் பக்குவம் வரலை.” உங்களிடம் இல்லாதது எந்தப் பாதி என்று முதலில் பாருங்கள். மருந்து அதைப் பொறுத்துத்தான்.

சட்டப்படி எப்போது பெரியவர் ஆகிறோம்?

1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது. ஓட்டுப் போடும் வயது 1989இல்தான் 21இலிருந்து 18 ஆனது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. சட்டம் ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறது. 18ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் எதுவும் மாறவில்லையே என்று ஒரு தங்கச்சி வருத்தப்பட்டாள். யாருக்குமே மாறியதில்லை.

இது எனக்கு மட்டும்தானா, எல்லோருக்கும் இருக்கிறதா?

உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் இதைப் பற்றி எழுதினார். 18இலிருந்து 25 வரை உள்ள வயதைப் பிள்ளைப்பருவத்திலும் சேர்க்க முடியாது, முழுப் பெரியவர் கணக்கிலும் சேர்க்க முடியாது, அது தனியான ஒரு பருவம் என்றார். அவர் பார்த்தது அந்த ஊர்ப் பிள்ளைகளை. எல்லா நாட்டுக்கும், எல்லா வீட்டுக்கும் இது அப்படியே பொருந்துமா என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மார்க்கெட்டில் மீன் கூடை தூக்குகிற பையனுக்கு நிதானமாகத் தன்னைத் தேடிப் பார்க்க ஏது நேரம்?

நம் ஊருக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது. உங்கள் தாத்தா, அப்பா காலத்தில் இந்தப் பக்கத்தில் வழி போட்டு வைத்திருந்தது. பெரம்பூரில் துணி நெய்யும் பின்னி மில், 1955இல் தொடங்கிய, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அப்புறம் ஹார்பர், ரயில்வே. ஒருவர் கைகாட்டி இன்னொருவரை உள்ளே சேர்த்துவிடுவார். சேர்ந்தால் வேலை நிரந்தரம், நிரந்தரமானால் கல்யாணம். 22 வயதில் உங்கள் அப்பா பெரிய மனுஷன் ஆனதில் அவருடைய பக்குவம் பாதி, அந்த வழி பாதி. பின்னி மில் 1990களில் மூடிவிட்டார்கள். மற்ற இடங்களிலும் இன்று கான்ட்ராக்ட் வேலைதான் அதிகம். ஆறு மாதம் குடோன், ஆறு மாதம் டெலிவரி, நடுவில் ஒரு தேர்வு என்று போகிற வாழ்க்கையில் காலை ஊன்ற நேரம் பிடிக்கத்தான் செய்யும். “உன் வயசுல நான்…” என்று அப்பா ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டில் ஒரே ஒரு கவலையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். வேலையைச் சொல்லவில்லை, கவலையைச் சொல்கிறேன்.

அம்மா “போய் கேஸ் புக் பண்ணு” என்று சொல்லி நீங்கள் புக் பண்ணினால், வேலை மட்டும்தான் உங்களுடையது. சிலிண்டர் எப்போது தீரும், ஆள் வரும்போது கையில் பணம் இருக்குமா, வீட்டில் யார் இருப்பார்கள் என்ற யோசனை எல்லாம் இன்னும் அம்மா தலையில்தான். அந்த யோசனை உங்களிடம் வந்து, அம்மா அதை மறந்தே போகும் நாள்தான் கணக்கு.

எங்கள் பக்கத்து வீடுகளில் பீரோவுக்கு மேலே ஒரு மஞ்சப்பை இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், வாடகை ஒப்பந்தம், ஆயாவின் (பாட்டியின்) ஸ்டான்லி ஆஸ்பத்திரி நோட்டு, அடகுக்கடைச் சீட்டு, ஸ்கூல் டி.சி. எல்லாம் அதற்குள்ளேதான், ரப்பர் பேண்டு போட்டு, ஓரம் கருத்துப்போய். மழைத் தண்ணி வீட்டுக்குள் வந்தால் அம்மா முதலில் தூக்குவது அந்தப் பையைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து அதைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு காகிதமும் என்ன, எதற்கு, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். அடகு நகை எப்போது ஏலத்துக்குப் போகும் என்று அதுவரை வீட்டில் அம்மா ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். அது தெரிந்த பிறகு உங்கள் நடையே மாறும். நான் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயாவின் சுகர், பிரஷர் மாத்திரை நல்ல ஆரம்பம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் வந்ததிலிருந்து இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆயா பெயர் அதில் இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படிச் சேர்ப்பது, எத்தனை நாள் மாத்திரை பாக்கி இருக்கிறது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது எல்லாம் உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவது, முதல் 100 யூனிட் இலவசம். வாடகை வீடாக இருந்து, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கினால் அந்தக் கணக்கை நீங்கள் எழுதி வையுங்கள். மூன்று மாதம் இதைச் செய்யுங்கள். நடுவில் ஒருமுறை மறந்து வீட்டில் திட்டு விழுந்தால், திரும்ப அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். பஸ்ஸுக்கும் கேட்டுத்தான் வாங்குகிறேன். இது பொறுப்பா, குழந்தைத்தனமா?

பொறுப்புதான், சந்தேகமே வேண்டாம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் எத்தனையோ வீடு ஓடுவது கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளத்தில்தான். அந்தப் பிள்ளையை யார் குழந்தை என்று சொல்ல முடியும்?

ஆனால் கொடுப்பதோடு நின்றுவிட்டால் பாதிதான். பணம் எங்கே போகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வாடகை எவ்வளவு, தினவட்டிக்குக் கொடுத்த தண்டல்காரருக்கு இன்னும் எத்தனை நாள் கட்ட வேண்டும், சீட்டு யாரிடம் போட்டிருக்கிறது, அது பதிவு செய்த சீட்டா என்று உட்கார்ந்து பேசுங்கள். கணக்குக் கேட்பது போல் கேட்டால் அம்மாவுக்கு மனசு நோகும். “எவ்வளவு கடன் இருக்குன்னு சொல்லும்மா, நானும் சேர்ந்து யோசிக்கிறேன்” என்று கேட்டால் நோகாது.

உங்களுக்கென்று ஒரு சின்னத் தொகையும் இருக்கட்டும். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. என்ற மாதச் சேமிப்பு போடலாம், ஐந்து வருடக் கணக்கு. உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில். இதைத் திருட்டுத்தனமாகச் செய்யாமல் வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள். சம்பளச் சீட்டையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்று இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தால் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். பிடித்த பணம் உண்மையிலேயே கணக்கில் ஏறுகிறதா என்று யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்துப் பாஸ்புக்கைப் பாருங்கள். கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் ஆதாரை வைத்து அவனுக்கு வண்டி லோன் எடுத்துத் தராதீர்கள். பெரிய ஆள் என்று காட்டிக்கொள்ள இதைச் செய்து மாட்டிக்கொண்ட பையன்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியும்.

வீட்டு வேலை மொத்தமும் நான்தான் பார்க்கிறேன். ஆனால் படிப்பு, வேலை, கல்யாணம் என்று எதிலும் என் பேச்சு எடுபடவில்லை. எனக்கு எங்கே பக்குவம் குறைகிறது?

எங்கேயும் குறையவில்லை, தங்கச்சி. உங்களிடம் பக்குவம் நிறைய இருக்கிறது. அதற்கு உரிய இடத்தைத்தான் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். “இன்னும் விவரம் பத்தாது” என்று திரும்பத் திரும்பக் கேட்டதால் நீங்களும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள்.

பெரிய முடிவில் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். சின்ன முடிவுகளை அனுமதி கேட்காமல், தகவலாகச் சொல்லிப் பழகுங்கள். “நாளைக்கு ஸ்டான்லிக்குப் போகட்டுமா?” என்று கேட்காமல், “நாளைக்குக் காலையில ஸ்டான்லிக்குப் போய்ட்டு பதினோரு மணிக்கு வந்துடுவேன்” என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, அதன் ஏ.டி.எம். கார்டு உங்கள் கையில் இருப்பது என்று ஒவ்வொன்றாகப் போங்கள். சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி உங்கள் மெயிலிலும் போட்டு வையுங்கள்.

வீட்டில் உங்களுக்காகப் பேசக்கூடிய ஒரு ஆள் நிச்சயம் இருப்பார். அத்தையாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம். பல வீட்டில் ஆயாதான். ஆயா ஒரு வார்த்தை சொன்னால் அப்பா அடங்கும் வீடுகள் இங்கே ஏராளம். முதலில் அவரைப் பிடியுங்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதைவிட, “இன்னும் இரண்டு வருஷம், இந்தப் படிப்பு முடியட்டும்” என்று தேதியோடு சொன்னால் பேச்சு நிற்கும். அடி, மிரட்டல் என்று போனால் பெண்கள் உதவி எண் 181.

ஒரே ரூம். அதில் ஆறு பேர். எனக்கென்று ஒரு மூலைகூட இல்லாமல் எப்படி வளர்வது?

தனி அறை கிடைத்தால்தான் மனசு வளரும் என்றால் வடசென்னையில் யாருமே வளர்ந்திருக்க முடியாது. ஆனாலும் கஷ்டம் கஷ்டம்தான். போனில் மனசு விட்டுப் பேச மாடிப்படிக்குப் போக வேண்டும், அழ வேண்டுமென்றால் பாத்ரூமுக்குப் போக வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இடத்தை அகலமாக்க முடியாது, நேரத்தைப் பிரிக்கலாம். எல்லோரும் எழும் முன் ஐந்திலிருந்து ஆறரை வரை உங்களுடையது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். வெளியே படிக்க, லேப்டாப்பை வைத்து வேலை பார்க்க நூலகம் இருக்கிறது. கொளத்தூரில் 2024இல் ‘முதல்வர் படைப்பகம்’ திறந்தார்கள். படிக்கவும் வேலை செய்யவும் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கிறது. வீட்டுக்குள் ஒரு பூட்டுப் போட்ட பெட்டியாவது உங்களுக்கென்று வேண்டும் என்று கேளுங்கள். கேட்கலாம், தப்பில்லை.

தனியாக ரூம் எடுத்துப் போய்விட்டால் தானாகப் பொறுப்பு வந்துவிடுமா?

சமைக்கவும் துவைக்கவும் கற்றுக்கொள்வீர்கள். அதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். சென்னையில் அட்வான்ஸ் பல மாத வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். அதை வட்டிக்கு வாங்கிக் கட்டினால் சுதந்திரம் ஆறு மாதம்கூடத் தாங்காது. வேலை தூரம் என்பதுதான் காரணமென்றால், 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. கிண்டிக்கு வண்டி மாறாமல் போகலாம்.

ஆனால் வீட்டில் அடி, குடி, தினமும் அவமானம் என்றால் கணக்கு வேறு. அங்கே வெளியேறுவதுதான் பொறுப்பு. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீடு பாருங்கள், பெண்கள் என்றால் வேலைக்குப் போகும் மகளிருக்கான விடுதிகளைப் பாருங்கள், அம்மாவிடம் மட்டுமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கால்கட்டுப் போட்டால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார்களே?

வராது. இன்னொரு வீட்டுப் பெண் வந்து, அம்மா சுமந்த கவலையைச் சுமப்பாள். பக்குவம் வர மருந்தாக ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பயன்படுத்தக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மூன்று வருடமாக அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். தெருவில் ‘தண்டச்சோறு’ என்கிறார்கள். வீட்டிலும் பார்வை மாறிவிட்டது.

அந்த வார்த்தை எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்று தெரியும். படிப்பது வேலைதான். ஆனால் உங்கள் வேலை வீட்டாருக்குக் கண்ணில் தெரியாது. புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது மட்டும்தான் தெரியும். அதனால் இரண்டு காரியம் பண்ணுங்கள். எத்தனை முறை எழுதுவேன், எந்த மாதம் வரை பார்ப்பேன், கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்று ஒரு எல்லை போட்டு அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை எல்லை போட்டிருக்கிறான் என்று தெரிந்தாலே பாதிக் கோபம் அடங்கும். அடுத்து, காலையில் ஒரு மணி நேரம் பேப்பர் போடுவதோ, சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதோ, கொஞ்சமாவது காசு கையில் வரட்டும். எட்டாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் தேர்வுக்கும் அது உதவும்.

பேங்க், தாலுகா ஆபீஸ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஏரியா பெயரைச் சொன்னாலும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பார்க்கிறார்கள், உண்மைதான். “வியாசர்பாடியா?” என்று கேட்டுவிட்டு முகம் மாறுவதை நானே கூட இருந்து பார்த்திருக்கிறேன். அது உங்கள் குறையில்லை. பேச்சையும் மாற்றிக்கொள்ள வேண்டாம். நம் பேச்சில் நிதானமாகச் சொன்னாலே போதும். என்ன வேண்டும் என்பதைக் காகிதத்தில் இரண்டு வரி எழுதிக்கொண்டு போங்கள். படிவத்தை வீட்டிலேயே பென்சிலில் நிரப்பிப் பாருங்கள். “புரியலை, திரும்பச் சொல்லுங்க சார்” என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பெயர் எழுதிய ரசீது இல்லாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். முதல் தடவை துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், அடுத்த தடவை அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள்.

அப்பா இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டைப் பார்க்கிறேன். இருந்தும் உள்ளுக்குள் சின்னப் பையன் மாதிரிதான் இருக்கிறது.

உங்களுக்கு இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் பயிற்சி எதுவும் தேவையில்லை. நீங்கள் தாங்கியதே அதிகம். அந்தச் சின்னப் பையனுக்கு விளையாட்டும் கிடைக்கவில்லை, யாரிடமும் சாய்ந்து நிற்கவும் முடியவில்லை. அவன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான். உங்களுக்கு வேண்டியது ஓய்வு. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது கிரவுண்டுக்குப் போங்கள், கேரம் ஆடுங்கள், தம்பியிடம் ஒரு பொறுப்பை மாற்றிக்கொடுங்கள். “நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிப் பழகிய வாய்க்கு “எனக்கு முடியலை” என்று சொல்வது கஷ்டம். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

தூக்கம் வருவதில்லை, எதிலும் பிடிப்பில்லை, சில நேரம் இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது. இதுவும் அதேதானா?

இல்லை. இது பக்குவப் பிரச்சினை இல்லை, உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பது போல் டாக்டரிடம் காட்ட வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. இரண்டும் அரசு ஆஸ்பத்திரிதான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இதை மூடி வைத்துவிட்டு இப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

(ஒரு அம்மா கேட்டது) என் பையனுக்கு 23. எதைச் சொன்னாலும் “அப்புறம் பார்க்கலாம்” என்கிறான். நான் செய்யாமல் விட்டால் வீடு நின்றுவிடும். என்ன பண்ணட்டும்?

ஒன்றை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டு, அதை நீங்கள் நிஜமாகவே விட்டுவிடுங்கள் அக்கா. கேஸ் என்றால் கேஸ். நினைவுபடுத்தாதீர்கள், அவன் மறந்தால் பின்னாலேயே போய்ச் செய்து வைக்காதீர்கள். ஒரு நாள் சிலிண்டர் தீர்ந்து ராத்திரி கடையில் இட்லி வாங்க வேண்டி வரும். வாங்கட்டும், அவன் காசிலேயே வாங்கட்டும். அன்றைக்கு “நான் அப்பவே சொன்னேன்ல” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் எவ்வளவு கடன், அப்பாவுக்கு உடம்புக்கு என்ன என்று அவனிடம் மறைத்து வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளை பயந்துபோவான் என்று நினைக்கிறீர்கள். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர், “எங்கிட்ட ஏன் எதையுமே சொல்ல மாட்டேங்கிறாங்க?” என்றுதான் கேட்கிறார்கள்.